தெருவை நடந்து படிப்பது: கும்பகோணத்தில் தொடங்குங்கள்

இந்த அத்தியாயம் கும்பகோணத்தில் குடியிருப்பவருக்கும், வேலை நிமித்தமாக அங்கே சில மாதங்கள் தங்குபவருக்கும் உரியது. ஒரே நாளில் நவக்கிரகத் தலங்களைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பும் பயணிக்கு இது உதவாது. பால் வாங்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், ரயிலைப் பிடிக்கவும் நீங்கள் நடக்கும் அதே தெருக்களில் இருக்கும் வரலாற்றை எப்படிப் பார்ப்பது, யாரிடம் கேட்பது, எப்படி எழுதி வைப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் ஊர் வேறு என்றால் இடங்களின் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், முறை இதுவேதான்.

கும்பகோணத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இடைப்பட்ட நிலத்தில் சோழர், நாயக்கர், மராட்டியர், ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் நிற்கின்றன. வண்டி எதுவும் வேண்டாம், கால் போதும்.

கிளம்பும் முன்

1. ஒரு சிறிய வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். முக்கால் மணி நேரத்தில் நடந்து முடிகிற தூரமாக இருக்கட்டும். குறைந்தது ஒரு மாதம் அதே வட்டத்தில் நடங்கள். நாளுக்கு ஒரு புதுத் தெரு என்று போனால் எதுவும் மனதில் தங்காது. ஒரே தெருவில் பத்து முறை நடக்கும்போதுதான் பதினோராவது முறை ஒரு கல் கண்ணில் படும்.

2. காலை 6 மணிக்குத் தொடங்கி 7.30க்குள் முடியுங்கள். கடைகள் திறக்கும் முன் முகப்புகளைப் பார்க்க முடியும். விளம்பரப் பலகைகள் மறைக்காத மேல்மாடியை அப்போது நிதானமாக நிமிர்ந்து பார்க்கலாம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும்; அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

3. பையில் கோடு போட்ட நோட்டு, பென்சில், தண்ணீர், குடை, சிறு டார்ச் விளக்கு. பேனா வேண்டாம், ஐப்பசி மழையில் மை கரைந்து குறிப்பெல்லாம் போய்விடும்.

4. சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு. பங்குனி, சித்திரையில் பிரகாரக் கல்தளம் கொதிக்கும். கோயிலுக்குள் போவதாக இருந்தால் பழைய காலுறை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒரு நடைக்கு ஒரு கேள்வி. "இந்தத் தெருவில் திண்ணை மிச்சமிருக்கும் வீடுகள் எத்தனை?" என்பது நல்ல கேள்வி. "கும்பகோணத்தின் வரலாறு என்ன?" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் நடை எங்கும் போய்ச் சேராது.

முதல் நடை: மகாமகக் குளம்

ரயில் நிலையத்திலிருந்து எளிதில் நடந்து போகலாம் என்பதால் இங்கே தொடங்குவது வசதி. குளத்தின் பரப்பு சுமார் 6 ஏக்கர். கரையைச் சுற்றி 16 சிறு மண்டபங்கள். தஞ்சை நாயக்கர்களின் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டுவித்தவை என்று அவற்றைச் சொல்வார்கள். முதல் நாள் வேலை, பதினாறையும் சுற்றி வந்து எண்ணுவது. எளிது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் தூண், விமானம், உள்ளே இருக்கும் சிவலிங்கம் ஆகியவற்றைப் பார்த்து, எது எதோடு ஒத்திருக்கிறது, எது மாறுபடுகிறது என்று எழுத வேண்டும். ஒரு மண்டபத்தின் மேற்பகுதியில் துலாபாரக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அது எது என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்களே தேடிக் கண்டுபிடித்தால், மற்ற மண்டபங்களும் அந்தத் தேடலில் பழகிவிடும்.

இரண்டாம் நாள், வடகரையில் இருக்கும் காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போங்கள். நதிகளைப் பெண் தெய்வங்களாக வழிபடும் ஒன்பது உருவங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. குளத்தில் எல்லா நதிகளும் வந்து கூடுகின்றன என்ற நம்பிக்கையை இந்த ஊர் கல்லில் வைத்திருக்கும் இடம் அது.

பாதுகாப்பு: படியில் இறங்கும்போது நீர்மட்டத்துக்கு ஒட்டிய இரண்டு மூன்று படிகளை மிதிக்காதீர்கள், அங்கே பாசி படர்ந்திருக்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகத்தின்போது இந்த நடையை வைத்துக்கொள்ளவே வேண்டாம். 1992 மகாமகத்தன்று இந்தக் குளக்கரையில் நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். வழிபடப் போவது வேறு, குறிப்பெடுக்கப் போவது வேறு.

இரண்டாம் நடை: நாகேஸ்வரன் கோயிலும் சாரங்கபாணி சன்னதித் தெருவும்

நாகேஸ்வரன் கோயிலின் கருவறைப் பகுதி 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த முற்காலச் சோழர் பணி. சுவரின் கோட்டங்களில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும் ஆண், பெண் உருவங்களுக்கு முன்னால் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுச் சிற்பக்கலையில் இவற்றுக்கு இணையானவை குறைவு என்பது என் கருத்து. அவர்கள் யார் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. அரச குடும்பத்தினர் என்பார் உண்டு, ராமாயணப் பாத்திரங்கள் என்பார் உண்டு. பக்கத்தில் நிற்பவர் உறுதியான குரலில் ஒரு பெயரைச் சொன்னால், சொன்னவரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் எழுதாதீர்கள். முகம், கொண்டை, கையின் வளைவு, ஆடையின் மடிப்பு ஆகியவற்றை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதினால் அந்தக் குறிப்புக்கு என்றும் மதிப்பு உண்டு.

அங்கிருந்து சாரங்கபாணி கோயில் பக்கம் திரும்புங்கள். பதினோரு நிலை ராஜகோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் அடிநிலையில் இருக்கும் நாட்டியக் கரணச் சிற்பங்களையும் பாருங்கள். பிறகு கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சன்னதித் தெருவில் நடங்கள்.

கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இந்தத் தெருவில் இருக்கிறது. 1887இல் ஈரோட்டில், தாயின் பிறந்தகத்தில் பிறந்தாலும் அவர் வளர்ந்ததும் படித்ததும் இங்கேதான். தந்தை புடவைக் கடையில் கணக்கெழுதியவர். வீடு இப்போது நினைவிடமாகப் பராமரிக்கப்படுகிறது. உள்ளே போவதற்கு முன் வெளியே நின்று திண்ணையைப் பாருங்கள். மடியில் பலகையை வைத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டது அந்தத் திண்ணையில்தான். தெருவின் சத்தமும் தேரோட்டமும் அதன் காலடியில்தான் நடந்திருக்கும். பிறகு தெருவின் இரு பக்கமும் நடந்து, இன்னும் திண்ணை வைத்திருக்கும் வீடுகளை எண்ணுங்கள். ஒரு தெரு தன்னைச் சுற்றியவர்களோடு எப்படிப் பேசியது என்பதை அந்த எண்ணிக்கை காட்டும்.

குறிப்பு: வீட்டு வாசலில் நின்று அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள். நினைவிடம் தவிர மற்றவை எல்லாம் குடும்பங்கள் வாழும் வீடுகள்.

கடைத்தெருவும் தறித்தெருவும்

ராமசுவாமி கோயில் ரகுநாத நாயக்கர் காலத்தது. அதையும் சக்கரபாணி கோயிலையும் இணைத்த கடைவீதியையும் கோவிந்த தீட்சிதரின் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். கோயிலையும் வியாபாரத்தையும் சேர்த்தே ஊரைத் திட்டமிட்ட கைகளை இந்தப் பாதையில் நடந்தால் உணரலாம். ராமசுவாமி கோயில் பிரகாரச் சுவரில் ராமாயணக் காட்சிகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. டார்ச் விளக்கை ஓவியத்தின் மேல் நெடுநேரம் நேராக அடிக்காதீர்கள், விரலால் தடவாதீர்கள்.

கோயில்களை மட்டும் தொட்டுக்கொண்டு போகும் நடை ஊரின் பாதியைத்தான் காட்டும். ஆகவே உங்கள் வட்டத்தில் ஒரு நாளைப் பாத்திரக் கடைகளுக்கும், ஒரு நாளை வெற்றிலைக் கடைகளுக்கும், ஒரு நாளைச் சௌராஷ்டிரர்கள் பட்டு நெய்யும் தெருக்களுக்கும் ஒதுக்குங்கள். தறிச் சத்தம் இன்னும் கேட்கிற வீடு, நின்றுபோன வீடு என்று வரைபடத்தில் குறியுங்கள். இந்தச் சமூகத்திலிருந்து வந்த எம்.வி. வெங்கட்ராம் நெசவாளர் வாழ்க்கையை 'வேள்வித் தீ' நாவலில் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நடந்தால் தெரு வேறு விதமாகத் தெரியும். மேலக்காவேரிப் பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை தவிர்த்த நாளில் போய், பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களையும் அதே கவனத்தோடு பாருங்கள்.

மூன்றாம் நடை: ஆற்றங்கரையும் அக்கரையும்

காவிரிப் படித்துறைகளின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு நடங்கள். சக்கரப் படித்துறை, பகவத் படித்துறை, டபீர் படித்துறை. டபீர் என்பது மராட்டிய அரசில் இருந்த ஒரு பதவி. அந்த அரசு மறைந்து எத்தனையோ தலைமுறை ஆனபிறகும் படியிலும் தெருவிலும் அந்தப் பதவி நிற்கிறது.

பிறகு பாலத்தைக் கடந்து அரசு கலைக் கல்லூரிக்குப் போங்கள். 1854இல் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த நிறுவனம் இது. உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை இங்கே தமிழாசிரியர். சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்தது 1887இல், புறநானூற்றை 1894இல். இந்த ஊரில் முன்சீபாக இருந்த சேலம் ராமசுவாமி முதலியார்தான் அவரைச் சிந்தாமணியின் பக்கம் திருப்பியவர். உ.வே.சா. சென்னைக்குப் போன மறு ஆண்டு, 1904இல், ராமானுஜன் உதவித்தொகையோடு இதே கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். இவர்கள் கடந்த அதே ஆற்றை நீங்கள் கடக்கிறீர்கள். கல்லூரிக்குள் போக அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வேலை நாளில் வகுப்புகளுக்கு இடையூறு வேண்டாம்.

பாதுகாப்பு: மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்துசேர்ந்த முதல் நாட்களில் ஆற்றில் இறங்கவே கூடாது. கோடையில் மணல் தோண்டிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும். முழங்கால் ஆழம் என்று காலை வைத்த இடம் ஆளை விழுங்கும். வறண்ட ஆற்றில் நடப்பதானாலும் வெயில் ஏறும் முன் கரையேறிவிடுங்கள்.

கட்டடத்தின் வயதைக் கணிப்பது

இந்தப் பகுதியைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவீர்கள். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. முதலில் காலுக்குக் கீழே பாருங்கள். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகும், வீடு உயராது. வாசலிலிருந்து படி இறங்கி உள்ளே போகிற வீடு, அக்கம்பக்கத்து வீடுகளைவிட மூத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. அடுத்து கூரை. நாட்டு ஓடா, மங்களூர் ஓடா? பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆகவே அந்த வகை ஓடு வேய்ந்த கூரை அதற்கு முந்தையதாக இருக்காது. ஆனால் சுவர் இருக்கலாம். கூரையை மாற்றுவது எளிது. கீழே விழுந்து உடைந்த ஓடு கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும்.

3. பிறகு சுவரும் தளமும். மெல்லிய செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளம் இவை எல்லாம் சிமெண்ட் பரவுவதற்கு முந்தைய வேலை.

4. கடைசியாக எழுத்து. முகப்பின் சுதைவேலையிலும் அடிக்கல்லிலும் ஆண்டு இருக்கும். தமிழ் எண்ணில் ௲௯௱௩௰௬ என்று இருந்தால் 1936. சக ஆண்டோடு 78ஐக் கூட்டுங்கள். பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டுங்கள். வருவாய்த் துறைப் பத்திரங்களில் பசலிதான் வரும். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31ஐக் கழியுங்கள்.

5. தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். பிரபவ 1867, 1927, 1987 ஆகிய மூன்றிலும் பிறந்தது. 'தாது' என்று மட்டும் ஒரு கல் சொன்னால் அது பெரும் பஞ்சம் தொடங்கிய 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். முதல் மூன்று படிகளில் நீங்கள் எழுதியதுதான் இங்கே தீர்ப்புச் சொல்லும். சுண்ணாம்புச் சாந்தும் நாட்டு ஓடும் சேர்ந்திருந்தால் 1876இன் பக்கம் சாயலாம். முகப்பு முழுதும் சிமெண்ட் பூவேலை என்றால் 1936. அப்போதும் குறிப்பில் 'இருக்கலாம்' என்ற சொல்லை விடாதீர்கள்.

செய்யக் கூடாதது: எழுத்துத் தெரியவில்லை என்று கல்வெட்டின் மேல் மாவோ சுண்ணாம்போ எண்ணெயோ பூசாதீர்கள், ஆணியால் சுரண்டாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் வாருங்கள். அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளமான எழுத்து நிழலில் தானாகத் தெரியும்.

பெரியவர்களிடம் கேட்பது

"இந்த ஊர் வரலாறு சொல்லுங்க" என்றால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது, தலபுராணம்தான் கிடைக்கும். பொருளைக் காட்டிக் கேளுங்கள். "ஐயா, இந்தக் கடைக்கு முந்தி இங்க என்ன இருந்துச்சுங்க?" "பாட்டி, நீங்க கல்யாணமாகி வந்தப்ப தண்ணி எங்கேருந்து எடுப்பீங்க?" பதில் தானாக நீளும்.

ஆண்டைக் கேட்காதீர்கள், பெரும்பாலோருக்குத் தெரியாது. கும்பகோணத்தில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. "மகாமகத்துக்கு முந்தியா, பிந்தியா? எந்த மகாமகம்?" என்று கேளுங்கள். 1968, 1980, 1992, 2004, 2016 என்று அண்மைக் காலத்து மகாமகங்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் நினைவுகளை அந்த ஆணிகளில் மாட்டலாம்.

சாதியைக் கேட்காதீர்கள், சொத்துத் தகராறுக்குள் போகாதீர்கள். பேச்சைப் பதிவு செய்வதானால் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2004 ஜூலை 16 அன்று இந்த ஊரில் ஒரு பள்ளியில் நடந்த தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். நீங்கள் பேசுகிறவர் அந்தக் குடும்பங்களில் ஒருவராக இருக்கலாம். அவராகச் சொன்னால் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். நீங்களாக அதை எடுக்காதீர்கள்.

எழுதி வைப்பதும் சரிபார்ப்பதும்

வீடு திரும்பிய அன்றே எழுத வேண்டும். மறுநாள் என்று விட்டால் எந்த மண்டபத்தில் எதைப் பார்த்தோம் என்பது கலந்துவிடும். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஓர் எழுத்துப் போடுங்கள்: கண்டதற்கு 'க', கேட்டதற்கு 'கே', படித்ததற்கு 'ப'. ஒரு மாதிரிக் குறிப்பு:

க: மகாமகக் குளக்கரை மண்டபம். மேற்பகுதியில் தராசுச் சிற்பம். இடது தட்டு சிதைந்த மாதிரி தெரிகிறது, மறுபடி பார்க்க வேண்டும்.
கே: பூ விற்கும் அம்மா. எடைக்கு எடை தங்கம் கொடுத்துக் கட்டிய மண்டபங்கள் என்று அவருடைய மாமியார் சொல்வாராம்.
ப: இன்னும் இல்லை.

மூன்றாவது வரி காலியாக இருப்பதில் குறையொன்றும் இல்லை. அதை நிரப்பத் தஞ்சாவூர் மாவட்டத்தைப் பற்றிய இரண்டு பழைய நூல்களில் தொடங்குங்கள்: டி. வெங்கசாமி ராவ் 1883இல் எழுதிய மாவட்டக் கையேடு, ஹெமிங்வே 1906இல் எழுதிய கெசட்டியர். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' கும்பகோண வாழ்க்கையைத் தெருவும் வீடுமாகச் சொல்லும். கோயில் கல்வெட்டுகளுக்குத் தொல்லியல் துறை வெளியிட்ட தொகுதிகள் உண்டு. ஒரு வீட்டின் கைமாற்றம் தெரிய வேண்டுமானால், வீட்டுக்காரர் சம்மதத்தோடு, பதிவுத் துறையில் வில்லங்கச் சான்று கேட்கலாம்.

அடிக்கடி நேரும் பிழைகள் சில. எதைப் பார்த்தாலும் 'ஆயிரம் ஆண்டு பழமை' என்று எழுதிவிடுவது முதல் பிழை. கருவறை சோழர் காலத்ததாகவும், அதே கோயிலின் மண்டபம் நாயக்கர் காலத்ததாகவும், கோபுர வண்ணம் சென்ற குடமுழுக்கினதாகவும் இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக எழுதுங்கள். எந்தத் தெரு, எந்தத் திசை என்று குறிக்காமல் படங்களைக் குவிப்பது இரண்டாவது. ஒரு மாதம் கழித்து அவை எதற்கும் பயன்படாது. தலபுராணத்தை ஒதுக்கித் தள்ளுவதும் பிழைதான். ஊர் தன்னைப் பற்றி என்ன நம்புகிறது என்பதும் வரலாற்றுச் செய்தியே; அதற்குக் 'கே' என்ற எழுத்தைப் போட்டு முழுதாக எழுதுங்கள்.

ஆறு மாதக் குறிப்புகள் சேர்ந்ததும் ஒரு தெருவை மட்டும் எடுத்து நான்கு பக்கம் எழுதிப் பாருங்கள். தகவல் சொன்னவர்களிடம் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். பெயர் போட அனுமதி இல்லையென்றால் 'பூக்கடை வைத்திருக்கும் அம்மா' என்பது போல எழுதினால் போதும். அவர்கள் திருத்தியதைச் சேர்த்த பிறகு மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று கிளை நூலகத்துக்கு, ஒன்று அந்தத் தெருவில் இருக்கும் பள்ளியின் தலைமையாசிரியருக்கு. ஒவ்வொரு பிரதியிலும் நடந்த மாதத்தையும் ஆண்டையும் மறக்காமல் எழுதுங்கள்.